மெட்டு ஏறும் பூனைக்கு மாத்திரை வேண்டாம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் வாரங்களில் கால்நடை மருத்துவர்களின் மேசைக்கு ஒரே கதை வேறு வேறு முகவரிகளிலிருந்து வந்து சேர்கிறது. மூணாறுக்கோ தேக்கடிக்கோ கிளம்பிய குடும்பம். தனியே விட்டுப் போக மனம் வராமல் பின்சீட்டில் ஏற்றிக்கொண்ட பூனை. பக்கத்து வீட்டுக்காரர் யோசனைப்படி கொடுத்த கால் மாத்திரை. திரும்பி வந்த பிறகு ‘அலுப்பா இருக்கும், சரியாயிரும்’ என்று மூன்று நாள் காத்திருப்பு. நான்காம் நாள் துண்டில் சுற்றி எடுத்து வருகிறார்கள்.

பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிய ஊர்கள் இவை. குடோனிலும் அரிசி ஆலையிலும் எலிக்காகப் பூனை இருந்தது. அது வண்டி ஏறியதென்றால் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவருவதற்காகத்தான் இருக்கும். இப்போது தேனியிலும் கம்பத்திலும் பெர்ஷியன் பூனைக்கு ஏ.சி. போட்டு வளர்க்கிறார்கள். பிரியத்தில் குறை சொல்ல முடியாது. குறை எல்லாம் வீட்டு மருந்து டப்பாவில் தொடங்குகிறது.

கத்தாத பூனை

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறினால் 18. மனிதர்களுக்கே வயிற்றைப் புரட்டும் பாதைகள். பூனைக்கும் புரட்டும். முதலில் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், பிறகு எச்சில் ஒழுகும், அதன் பிறகு வாந்தி. சில பூனைகள் இருந்த இடத்திலேயே சிறுநீரும் மலமும் கழித்துவிடும். அதற்காக அதைத் திட்டுகிறவர்களும் உண்டு.

கத்துகிற பூனை பயப்படுகிறது, கத்தாத பூனை சுகமாக வருகிறது என்பது பரவலான நம்பிக்கை. பாதிதான் உண்மை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம் என்று கேலி பேசுகிறோம். ஓடும் காரில் பல பூனைகள் ஏறக்குறைய அதைத்தான் செய்கின்றன. உடம்பைத் தரையோடு ஒடுக்கி, கால்களை உள்ளே இழுத்து, விறைத்துக் கிடக்கும். ‘பாருங்க, என்ன சமத்தா தூங்குது’ என்று போட்டோ எடுக்கிறார்கள். கொஞ்சம் குனிந்து பார்த்தால் காதுகள் பக்கவாட்டில் மடங்கியிருப்பதும், கண் திறந்திருந்தால் கண்பாவை அகல விரிந்திருப்பதும் தெரியும்.

நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால் அது உடம்பைக் குளிர்விக்கும் வழக்கமான வேலை. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வண்டியை நிழலில் ஓரம் கட்ட வேண்டும். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் மலையேற்றத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் திரும்புவதே சரி. மூக்கு சப்பையான பெர்ஷியனுக்கு மூச்சுப்பாதையே குறுகல் என்பதால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பு.

கால் மாத்திரைக் கணக்கு

‘மனுஷனுக்கு ஒண்ணுன்னா பூனைக்குக் கால்’ என்ற கணக்கை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. எடை குறைந்தால் அளவைக் குறைத்தால் போதும் என்ற இந்தத் தர்க்கம் பூனையிடம் செல்லாது. மனிதனின் கல்லீரல் எளிதாகக் கழித்துத் தள்ளும் பல மருந்துகளை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மருந்து உள்ளேயே தங்கி விஷமாகிறது.

முதல் குற்றவாளி பாராசிட்டமால். பயணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ஊர் திரும்பிய பூனை சோர்ந்து கிடக்கும், வீட்டில் யாராவது தொட்டுப் பார்ப்பார்கள், சுடும். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸைச் சற்றே தாண்டும்வரை இருக்கும், நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். இதைக் காய்ச்சல் என்று முடிவு கட்டி, ‘குழந்தைக்கே கொடுக்கிறதுதானே’ என்று பாராசிட்டமாலை உடைத்துப் பாலில் கலக்குகிறார்கள். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். கால் மாத்திரைகூட ஆபத்தானதே. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு ரோஜா நிறம் மாறி பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ தெரியும், முகமும் பாதமும் வீங்கும். மாற்று மருந்து இருக்கிறது. அசிடைல்சிஸ்டீன் என்று பெயர். ஆனால் அது நேரத்தோடு போட்டி போடுகிற மருந்து.

அடுத்தது மலைப்பயணம் போகிற எல்லார் பையிலும் இருக்கும் வாந்தி மாத்திரை. அதன் பிறகு வீட்டுப் பெரியவரின் தூக்க மாத்திரை. அந்த வகையைச் சேர்ந்த டயஸிபாம் மாத்திரையை வாய்வழியாகக் கொடுத்ததில் சில பூனைகளின் கல்லீரல் திடீரென்று செயலிழந்து போனது 1990களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மருந்துக் கடையில் ‘பூனைக்குத் தூங்கறதுக்கு ஏதாவது குடுங்க’ என்று கேட்பதும், கடைக்காரரும் தயங்காமல் ஒன்றை எடுத்து நீட்டுவதும் எப்போதுதான் நிற்குமோ!

பயந்த பூனைக்கு மருந்தே கிடையாதா என்றால், உண்டு. பயண வாந்திக்கு மாரோபிடன்ட், பதற்றத்துக்குக் கபாபென்டின் என்று கால்நடை மருத்துவர்கள் எடைபார்த்து எழுதித் தருகிறார்கள். பயணத்திலும் மருத்துவமனையிலும் பூனைக்கு வரும் பதற்றத்துக்கென்றே பிரிகாபலின் திரவ மருந்து ஒன்றை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 நவம்பரில் அங்கீகரித்தது. எந்த மருந்தானாலும் பயண நாளன்று முதன்முறையாகக் கொடுக்கக் கூடாது. சில நாள் முன்னதாக வீட்டிலேயே ஒருமுறை கொடுத்து, பூனை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

தைலமும் எலுமிச்சையும்

மாத்திரை வேண்டாம் என்றால் நம்மவர்கள் அடுத்துத் தேடுவது தைலம். நெற்றியில் ஒரு சொட்டு, மூக்கோரம் ஒரு சொட்டு. பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கித் துடைக்காமல் விடாது. யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் அப்படித்தான் வயிற்றுக்குள் போகின்றன. எச்சில் வடிதல், தள்ளாட்டம், சில சமயம் வலிப்பு. கூண்டுக்குள் கற்பூரத்தைத் துணியில் முடிந்து வைப்பதும் நல்ல யோசனை ஆகாது. மலையேறும்போது நாம் முகரும் எலுமிச்சையின் தோல் எண்ணெயும் பூனைக்கு ஒவ்வாது. டேஷ்போர்டில் தொங்கும் வாசனை டப்பாவைப் பயணத்துக்கு முன்பே கழற்றிவிடலாம்.

கிளம்பும் முன் பால் சோறு ஊட்டி ‘தெம்பாக’ ஏற்றுவது இன்னொரு வழக்கம். அந்தப் பால் சோறு மூன்றாவது வளைவில் சீட்டில் கிடக்கும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் வைத்தால் போதும்.

‘குளிச்சிட்டு வந்துர்றோம்’

சுருளி அருவியில் குளிக்க அரை மணி நேரம். கும்பக்கரையில் ஒரு மணி நேரம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் பூனையைக் காரில் விட்டுப் போகிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை. வெளியே இதமாக 25 டிகிரி இருக்கும் மலையூரிலும் உள்ளே 45ஐத் தாண்டலாம் என்பதுதான் இதன் பொருள். சித்திரை மாதக் கம்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூனைக்கு வேர்வை என்பது பாத மெத்தைகளில் மட்டும்தான்.

சூடுபிடித்து மயங்கிய பூனையை ஐஸ் தண்ணீரில் முக்குவது அடுத்த தவறு. சாதாரணத் தண்ணீரில் உடம்பை நனைத்து, காற்றுப் படவைத்து, உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். எழுந்து நடந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பிவிடுகிறவர்கள் மறுநாள் வருகிறார்கள். உள்ளுறுப்புகளின் சேதம் அப்போதுதான் வெளியே தெரியும்.

கட்டைப்பையும் மடியும்

பூனையைக் கட்டைப்பையில் போட்டு வாயைக் கட்டுவது, காய்கறிக் கூடையை இன்னொரு கூடையால் மூடிக் கயிறு சுற்றுவது, எதுவுமே இல்லாமல் மடியில் வைத்துக்கொள்வது. இந்த மூன்றில் மோசமானது மடி. எதிரே வரும் பஸ்ஸின் ஹாரனுக்கு மிரண்ட பூனை ஓட்டுநரின் பிரேக் பெடலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் என்ன ஆகும் என்று லோயர்கேம்ப் தாண்டிய மலைப்பாதையின் எந்த வளைவிலும் யோசித்துப் பார்க்கலாம். கதவைத் திறந்த நொடியில் எகிறிக் காட்டுக்குள் ஓடிய பூனையைத் தேடிப் பிடிப்பது அநேகமாக நடக்காத காரியம்.

கெட்டியான பிளாஸ்டிக் கூண்டு, அதற்குள் பூனை வீட்டில் படுத்த பழைய துணி, மேலே ஒரு துண்டு. முன்சீட்டுக்குப் பின்னால், தரையில், அசையாமல். ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம்.

கூண்டைப் பயண நாளன்று பரணிலிருந்து இறக்கினால் அதைப் பார்த்ததுமே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். வியன்னாவில் 22 பூனைகளை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் தின்பண்டம் கொடுத்துக் கூண்டுக்குப் பழக்கிய பூனைகள் கார் பயணத்தில் மற்றவற்றைவிடக் குறைவாகவே மிரண்டன. மருத்துவரின் பரிசோதனையும் சீக்கிரம் முடிந்தது. கூண்டை ஹாலில் ஒரு மூலையில் திறந்து வைத்து, உள்ளே நாலு துண்டு கருவாடு போடுவதற்கு யாருக்கும் நேரம் இல்லாமல் போகாது.

மிரண்ட பூனை கடித்தாலோ கீறினாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். பூனைப் பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் புண் சிறிதாகத் தெரியும்; ஒரே நாளில் கை வீங்கிவிடக்கூடும்.

திரும்பி வந்த பிறகு

வழியில் வாந்தி எடுத்த பூனை பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. வீடு வந்து சேர்ந்த பிறகு இறக்கும் பூனைகள்தான் மருத்துவர்களின் மனதை அறுக்கின்றன.

பயணப் பதற்றத்தில் ஆண் பூனையின் சிறுநீர்ப்பை அழற்சி கண்டு, குறுகலான பாதை அடைத்துக்கொள்வது உண்டு. மண் தட்டில் அடிக்கடி போய் உட்காரும், முக்கும், கத்தும், பின்புறத்தை நக்கும். வீட்டார் கண்ணுக்கு இது மலச்சிக்கல். விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘சூடு பிடிச்சிருக்கு, நீர்க்கடுப்பு’ என்று மோர் கொடுத்து, வயிற்றில் எண்ணெய் தடவி நீவிவிடுகிறார்கள். அடைத்து உப்பிய சிறுநீர்ப்பையை நீவுவதைப்போல ஆபத்து வேறில்லை. மேசைக்கு வரும்போது அடிவயிற்றில் கை வைத்தால் காய் கொய்யாவைப் போல் கல்லாக இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறத் தொடங்கியிருக்கும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், உடனே குழாய் விட்டு அடைப்பு நீக்கம். முதல் நாளே வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இரண்டு மூன்று நாள் தாண்டினால் உயிர் போய்விடும்.

இன்னொன்று, சாப்பிடாமல் கிடப்பது. ‘பசிச்சா தானா திங்கும்’ என்று விடுகிறார்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து மஞ்சள் காமாலையில் கொண்டு விடும்.

ஆகவே மருத்துவர்கள் கெஞ்சுவது இவ்வளவுதான். ஆண் பூனை அரை நாள் சிறுநீர் கழிக்காமல் முக்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் கொண்டு வாருங்கள். கால்நடைகளுக்கான அவசர ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது, ஆனாலும் பூனையைக் கூண்டில் வைத்து நீங்களே எடுத்துக்கொண்டு ஓடிவருவது வேகமாக இருக்கும். தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரைக்குப் போனால்தான் ஆயிற்று என்ற காலம் போய்விட்டது. வரும்போது கொடுத்த மாத்திரையின் அட்டையையும் எடுத்து வாருங்கள். திட்டுவார்களே என்று அதை மறைத்துவிட்டு ‘ஒண்ணுமே குடுக்கலை டாக்டர்’ என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். திட்டு விழத்தான் செய்யும், ஆனால் எந்த மாற்று மருந்தை எடுப்பது என்று அந்த அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.