மணித்தியாலச் சம்பளம்: நாமே கணக்குப் பார்ப்போம்

அண்மையில் எமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் தனது சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். "அண்ணை, முதல் கிழமை ஒவ்வொரு நாளும் இருட்டின பிறகுதான் வீட்டை வந்தனான். காசில ஒரு வித்தியாசமும் தெரியேல்லை" என்றார். சீட்டில் இரண்டு கிழமைக்கும் சேர்த்து ஒரே வரி: 88 மணித்தியாலம், மணிக்கு 20 டொலர், மொத்தம் 1,760 டொலர்.

பெருக்கல் சரிதான். பிழை வேறிடத்தில். நல்லகாலம், அவர் வேலைக்குப் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் சமையலறைக் கலண்டரில் குறித்து வைத்திருந்தார். அதை வைத்து நாம் கணக்கைத் திரும்பச் செய்தோம்.

முதலில் நாளுக்குரிய நேரம். காலை 7.00 முதல் மாலை 5.30 வரை பத்தரை மணித்தியாலம். சம்பளமில்லாத சாப்பாட்டு இடைவேளை அரை மணித்தியாலத்தைக் கழித்தால் 10. ஒன்ராறியோவில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் இந்த இடைவேளையைத் தரவேண்டும். இடைவேளையிலும் வேலை வாங்கினால் அது வேலை நேரமே, கழிக்கக்கூடாது.

அடுத்தது நிமிடங்கள். எம்மவர் பலர் தவறுவது இங்கேதான். 8 மணித்தியாலம் 45 நிமிடத்தை 8.45 என்று எழுதிப் பெருக்கக்கூடாது. நிமிடத்தை 60ஆல் பிரிக்கவேண்டும்: 45 நிமிடம் 0.75, ஆகவே 8.75. மணிக்கு 20 டொலரென்றால் இந்தப் பிழையால் ஒரு நாளில் மட்டும் 6 டொலர் போய்விடும்.

மூன்றாவது, மேலதிக நேரம். சகோதரி முதல் கிழமை 50, இரண்டாம் கிழமை 38 மணித்தியாலம் வேலை செய்திருந்தார். சம்பளம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தாலும், மேலதிக நேரத்தை ஒவ்வொரு கிழமையாகவே பார்க்கவேண்டும். ஒன்ராறியோச் சட்டப்படி கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம்.

முதல் கிழமை: 44 × 20 = 880, 6 × 30 = 180, கூட்டினால் 1,060 டொலர்.
இரண்டாம் கிழமை: 38 × 20 = 760 டொலர்.
இரண்டும் சேர்த்து 1,820 டொலர்.

குறைந்தது 60 டொலர். சிறிய தொகைதானே என்று விடலாம். வருடத்தில் 26 சம்பளத்திலும் இப்படி நடந்தால் 1,560 டொலர்!

நேரத்தைச் சராசரியாக்க எழுத்தில் உடன்பட்டிருந்தால் கணக்கு மாறும். மேலாளர்களுக்கும் சில தொழில்களுக்கும் மேலதிக நேர விதி பொருந்தாது. எனவே கையெழுத்திட்ட தாள்களையும் பாருங்கள்.

இதற்கு மேல் விடுமுறைச் சம்பளம் குறைந்தது 4 சதவீதம். ஐந்து வருடம் வேலை செய்தவர்களுக்கு 6. அதை ஒவ்வொரு சம்பளத்துடனும் தருவதாக உடன்பாடு இருந்தால் 1,820இல் 4 சதவீதம் 72.80. மொத்தச் சம்பளம் 1,892.80 டொலர். வரி, ஓய்வூதியம், வேலைக் காப்புறுதி எல்லாம் இதிலிருந்துதான் கழிபடும். கைக்கு வரும் காசை மட்டும் பார்த்தால் மேலே நடந்த பிழை தெரியாது.

வந்த புதிதில் நாமும் அப்படித்தான். வணிகமாணிப் பட்டம் கையில் இருந்தும், கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தோம். உரிய சம்பளத்தைக் கேட்டதற்காகத் தண்டிப்பதைச் சட்டம் தடுக்கிறது என்பது அன்று எமக்குத் தெரியாது. தொழில் அமைச்சில் முறையிட இரண்டு வருட அவகாசம் உண்டு என்பதும் தெரியாது.

சகோதரி கலண்டர்த் தாளைப் படமெடுத்து, மேற்பார்வையாளரிடம் பணிவாகக் கேட்டார். அடுத்த சம்பளத்தில் 60 டொலர் சேர்ந்து வந்தது. உங்கள் வீட்டுக் கலண்டரிலும் இன்றே எழுதத் தொடங்குங்கள். வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.