நீண்ட கால் பூச்சியா, சிலந்தியா? கால்களை எண்ணிப் பாருங்கள்

நீலகிரியில் மழையும் பனிமூட்டமும் கூடும் நாட்களில் வீட்டுச் சுவர், குளியலறை, விறகு அடுக்கும் இடம் ஆகியவற்றில் நீண்ட கால்களுடைய உயிரினங்கள் அதிகம் தென்படும். இவற்றைவிட, இவற்றுக்குப் பயந்து தேயிலைக்கும் காய்கறிக்கும் வாங்கிய பூச்சிக்கொல்லியை வீட்டுக்குள் தெளிப்பதே ஆபத்தானது. தெளிப்பதற்கு முன் கால்களை எண்ணுங்கள். ஆறு கால் என்றால் பூச்சி. எட்டு கால் என்றால் சிலந்தி அல்லது அதன் உறவினம்.

ஆறு கால் உள்ளவை

கிரேன் ஈ: மாலையில் விளக்கைத் தேடி வரும், பார்க்க ராட்சதக் கொசு போல இருக்கும். ஆனால், இரத்தம் உறிஞ்சும் ஊசி இதற்குக் கிடையாது. கடிக்காது. இதன் புழுக்கள் ஈர மண்ணிலும் மட்கும் இலைகளிலும் வளரும்.

தேயிலைக் கொசு: இதைத்தான் விவசாயிகள் கவனிக்க வேண்டும். பெயரில் கொசு இருந்தாலும் இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. முதுகில் குண்டூசி போன்ற ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். கொழுந்தில் வட்டமான பழுப்புப் புள்ளிகள் தோன்றி, இலை சுருண்டு கருகினால் இதன் தாக்குதல் என்று அறியலாம். அதிகாலையிலும் மாலையிலும் இது சுறுசுறுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் செடிகளைப் பாருங்கள்.

எட்டு கால் உள்ளவை

ஒட்டடைச் சிலந்தி: கூரை மூலையில் தலைகீழாகத் தொங்கும். தொட்டால் வலையோடு சேர்ந்து வேகமாக ஆடும். கொசு, ஈக்களைப் பிடித்துத் தின்னும்.

அறுவடைச் சிலந்தி: ஈரமான கல் சுவர்களில் கூட்டமாக இருக்கும். உடல் ஒரே உருண்டையாகத் தெரியும். வலை பின்னாது, இதற்கு விஷமும் இல்லை.

தட்டைச் சிலந்தி: உள்ளங்கை அளவுக்குக் கால் விரித்துச் சுவரில் ஓடும். கரப்பான் பூச்சியை வேட்டையாடும். கையால் பிடித்தால் கடித்து வலி தரலாம்.

என்ன செய்யலாம்?

வீட்டில் ஒட்டடையைத் துடைப்பத்தால் அகற்றினாலே போதும். பெரிய சிலந்தியை டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடுங்கள். விறகைச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். எது கடித்திருந்தாலும் வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தோட்டத்தில் சிலந்திகளை விட்டுவையுங்கள். அவை தீமை செய்யும் பூச்சிகளையும் பிடிக்கும். தேயிலைக் கொசு தன் முட்டைகளை இளந்தண்டுக்குள் செருகி வைப்பதால், தாக்கப்பட்ட கொழுந்துகளைக் கிள்ளி அழியுங்கள். பாதிப்பு கூடினால் மட்டுமே மருந்து. எதை, எவ்வளவு என்பதைக் குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெளியுங்கள்.