மானும் துவக்கும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். படுவான்கரை வயல்களுக்கு அப்பாலுள்ள காடுகள் புள்ளிமானும் மரையும் உலவும் இடங்கள். வேளாண்மையைக் காப்பதற்கும் இறைச்சிக்குமாக அங்கே துவக்கேந்துதல் முற்காலத்து வழக்கம். மானுக்கு ஏற்ற துவக்கு எது என்னும் வினா ஆயுதத்தைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் ஓருயிர் படும் வேதனையைப் பற்றியதேயாகும்.

துவக்குக் குழலின் உள்விட்டத்தையே கலிபர் என்பர். ·303 என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரங் கூறுகளில் 303 கூறு, ஏறத்தாழ 7.7 மில்லிமீற்றர். ஆயினும் விட்டம் மட்டும் வலிமையைக் காட்டிவிடாது. சாதாரண ·22 குண்டு ஏறத்தாழ இரண்டரைக் கிராம் நிறையுடையது. குழலைவிட்டு நீங்கும்போது அதன் சக்தி 200 யூலுக்கும் குறைவு. ·303 குண்டோ 11 கிராம் நிறையும் 3,000 யூல் சக்தியும் உடையது. விட்டத்தில் வேற்றுமை சிறிது. சக்தியிலோ பதினைந்து மடங்கு. நிறையோடு வேகமும் சேர்ந்தே சக்தியாகின்றது என்பதே காரணம். இதனாலேயே இங்கிலாந்தின் 1991 ஆம் ஆண்டு மான் சட்டம், பெரும்பாலான மானினங்களுக்கு ·240 அங்குலக் கலிபரையும், அதனோடு ஏறத்தாழ 2,300 யூல் சக்தியையும் குறைந்த எல்லையாக விதித்தது.

குண்டின் அமைப்பும் கருதத்தக்கது. முழுதும் உலோகக் கவசமிட்ட படைக்குண்டு உடலை ஊடுருவி, ஒடுங்கிய துளையை மட்டும் விட்டுச் செல்லக்கூடும். அடிபட்ட மான் நெடுந்தூரம் ஓடிப் புதரிலே கிடந்து மெல்ல மடியும். மென்முனைக் குண்டு உள்ளே விரிந்து தன் சக்தியை அங்கேயே செலுத்தும். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் 1890களில் செய்யப்பெற்ற விரியுங் குண்டுகளின் வகையை 1899 இல் ஹேக் மாநாடு போரிலே விலக்கியது. மனிதனுக்குக் கொடுமையென விலக்கப்பட்டது விலங்குக்கு இரக்கமாவது முரணன்று. போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தலே போதும். வேட்டையில் விரைந்த மரணமே வேதனையைக் குறைக்கும்.

எத்துணைப் பெரிய கலிபரும் குறி தவறினாற் பயனற்றது. முன்னங்காலை ஒட்டிய நெஞ்சறையிலே இதயமும் நுரையீரலும் உள்ளன. அங்கே பட்டால் மூளைக்குக் குருதி குன்றி விலங்கு விரைவில் உணர்விழக்கும். வயிற்றிலே பட்டால் பல மணிநேரம் துடிக்கும். பெருந்துவக்கின் உதைப்புக்கு அஞ்சிக் கை நடுங்குபவனினும், போதிய சக்தியுள்ள துவக்கை நிதானத்தோடு கையாள்பவனே மேலானவன்.

இந்த அளவுகோலால் நோக்கினால் கட்டுத்துவக்கின் கொடுமை புலனாகும். அதற்குக் குறியுமில்லை, நிதானமுமில்லை. மானுக்கு வைத்தது யானையின் காலையும், விறகுக்குச் சென்றவரின் காலையும் சிதைக்கும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் காட்டு விலங்குகளுக்குக் காவலாயின. இன்று இலங்கையில் மான் வேட்டை குற்றமாகும். ஆகவே படுவான்கரைக் காட்டோரத்தில் கம்பியிழுத்துக் கட்டிய துவக்கொன்றைக் காண்போர், அதனைத் தொடாது, உரிய அதிகாரிகளுக்கு உடனே அறிவித்தல் கடனாகும்.