சாயமில்லா நிறங்கள்

சவர்க்காரக் குமிழியில் சாயம் எதுவும் இல்லை. ஆயினும் அதன் மேனியில் பச்சையும் ஊதாவும் பொன்னிறமும் ஓடி மறைவதைச் சிறுவயதில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மெல்லிய படலமொன்றின் மேற்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் பட்டுத் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலக்கையில் சில நிறங்கள் வலுப்பெறும், சில அழியும். தலையீடு என்று நம் பௌதிகப் பாடநூல்கள் கூறியது இதனைத்தான். படலத்தின் தடிப்போ பார்க்கும் கோணமோ மாறினால் நிறமும் மாறிவிடும்.

குமிழி கணத்தில் உடைந்துபோகும். அந்நிறங்களைக் கண்ணாடியில் நிலைக்கச் செய்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர், 1939இல் சிக்காகோவில் பிறந்த சிற்பி லறி பெல்.

அவர் கைக்கொண்ட முறை கலைக்கூடத்தில் பிறந்ததன்று. 1935இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மக்குலா, வில்லைகளின் ஒளித்தெறிப்பைக் குறைப்பதற்காக அவற்றின்மீது படலமிடும் வழியைக் கண்டார். அது சில ஆண்டுகள் இராணுவ இரகசியமாகவே காக்கப்பட்டது. போரிலிருந்து தப்பிவந்த நம்மை இச்செய்தி சற்று உறுத்தவே செய்கிறது. இலக்கைத் தெளிவாகக் காணவென வளர்ந்த நுட்பம், கண்ணையே ஐயுறவைக்கும் சிற்பத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் பூச்சுத் தொழிற்சாலைகளிடம் கொடுத்துச் செய்வித்த பெல், 1969இல் பெரியதொரு வெற்றிடக் கலனைத் தமதாக்கிக்கொண்டார்; 1973இல் நியூ மெக்சிக்கோவின் தாவோஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். கலனுள் காற்றை அகற்றி, உலோகத்தை மின்சாரத்தால் சூடாக்கி ஆவியாக்குவர். தடுக்கக் காற்று இல்லாமையால் ஆவி நேரே சென்று கண்ணாடியிற் படியும். அப்படிவு தலைமயிரின் பருமனில் நூறிலொரு பங்குகூட இராது. விளிம்பில் செறிந்தும் நடுவில் மெலிந்தும் படியவிடுவதே சிற்பியின் கைவண்ணம். உளி செய்யும் வேலையை இங்கே ஆவி செய்கிறது.

அறுபதுகளில் அவர் செய்த கனசதுரப் பெட்டிகளையே நாம் மேலாக மதிக்கிறோம். ஒளி அடியிலிருந்தும் புகுமாறு அவை தெளிந்த பீடங்களில் வைக்கப்படும். ஓரடி விலகி நின்றால் பொன்னிறம் நீலமாகும்; இன்னும் விலகினால் பெட்டிக்குள் நம் முகமே தெரியும். வெறுங் கண்ணாடிப் பெட்டிதானே என்று கடந்துபோவோர் உண்டு. நிழற்படத்தில் மட்டும் கண்டவர் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. படம் ஒரு கோணத்தை மட்டுமே காட்டும். இச்சிற்பமோ நடப்பவர்க்கே புலப்படும்.

2017இல் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்துத் திறந்த மாடியில் அவர் நிறுத்திய செந்நிறப் பெரும் பெட்டிகள் அந்த அளவுக்கு நம்மைக் கவரவில்லை. ஒட்டடுக்குக் கண்ணாடியாலான அவற்றின் சிவப்பு, எங்கிருந்து பார்த்தாலும் சிவப்பாகவே நிற்கிறது.