நிலக்கரியும் அணுச்சத்தியும்

மின்சத்தி வேண்டியவிடத்து அகழ்ந்தெடுக்கத்தக்க பொருளன்று. வேறொரு சத்தியைச் செலவிட்டே அதனைப் பெறல் வேண்டும். அவ்வாறு செலவிடப்படுவனவற்றுள் நிலக்கரி, அணுச்சத்தி ஆகிய இரண்டனுள் எது சூழலுக்குக் கேடு குறைந்தது என்னும் வினா அறிஞரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. அச்சத்தையோ ஆர்வத்தையோ துணைக்கொள்ளாது, ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் கழிவு யாது, அஃது எங்கே செல்கின்றது, அதனைச் சுமப்பவர் யாவர் என ஆராய்வதே இவ்வினாவுக்கு விடை காணும் வழியாகும்.

இருவகை நிலையங்களும் இயங்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. நீர் கொதித்து ஆவியாகின்றது. ஆவி சுழலியைச் சுழற்றுகின்றது. சுழலி மின்பிறப்பாக்கியை இயக்குகின்றது. வேற்றுமை வெப்பம் பிறக்கும் வகையிலேயே உளது. நிலக்கரியிலுள்ள காபன் எரியுங்கால் ஒட்சிசனோடு கூடிக் காபனீரொட்சைட்டு ஆகின்றது. 12 கிலோகிராம் காபன் எரிந்தால் 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும். எரிந்த பொருளினும் எஞ்சிய வாயு எடை மிக்கது என்பது முதலில் வியப்பைத் தரினும் இரசாயனம் கற்றோர் எளிதில் உணரக்கூடியதே. இதனோடு கந்தகவீரொட்சைட்டும் நுண்டூசியும் சாம்பலும் வெளிப்படுகின்றன.

அணுவுலையில் நிகழ்வது எரிதலன்று. யுரேனியம்-235 இன் கரு ஒரு நியூத்திரனை ஏற்று இரண்டாகப் பிளவுறுகின்றது. அப்பொழுது வெளிப்படும் நியூத்திரன்கள் பிற கருக்களைப் பிளக்கத் தொடர்தாக்கம் நடைபெறுகின்றது. 1 கிலோகிராம் யுரேனியம்-235 முற்றாகப் பிளவுறின் 2,500 தொன்னுக்கு மேற்பட்ட நல்ல நிலக்கரி தரும் வெப்பம் கிடைக்கும். 1,000 மெகாவாற்று நிலையமொன்று ஓராண்டு இயங்குதற்கு ஏறத்தாழ 30 இலட்சம் தொன் நிலக்கரி வேண்டும்; அத்துணை மின்சாரத்துக்கு அணுவுலையில் இடவேண்டிய எரிபொருள் 30 தொன் அளவினதே. சுரங்கம் தோண்டுதல், நிலையம் கட்டுதல் முதலிய யாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2014 இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு கிலோவாற்று மணிக்கு வெளிப்படும் பசுங்குடில் வாயுக்களின் இடையப் பெறுமானம் நிலக்கரிக்கு 820 கிராம், அணுச்சத்திக்கு 12 கிராம் எனக் காட்டுகின்றது.

ஆயினும் எண்கள் மாத்திரம் முழு உண்மையையும் உணர்த்தா. இரண்டனையும் நெடுங்காலம் கையாண்ட பிரித்தானியாவின் வரலாறு இங்கே நமக்குப் பெரிதும் பயன்படும்.

1952 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆம் நாள் இலண்டன் மாநகரைக் கடும்பனி மூடிற்று. மேலே வெப்பமான காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் அமைந்தமையால், வீட்டு அடுப்புகளிலும் ஆலைகளிலும் மின்னிலையங்களிலும் எரிந்த நிலக்கரியின் புகை மேலெழ வழியின்றி ஐந்து நாட்கள் நகரின்மீது தேங்கி நின்றது. அதனால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. பிற்கால ஆய்வு 12,000 வரை கூறுகின்றது. இதன் பயனாக 1956 இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறிற்று. நகரங்களிற் புகை குறைந்தது. ஆனால் மின்னிலையங்களின் உயர்ந்த புகைபோக்கிகளினின்று வெளிப்பட்ட கந்தக வாயு கடல் கடந்து சென்று, நோர்வே, சுவீடன் நாடுகளின் ஏரிகளில் அமில மழையாக வீழ்ந்து மீன்களை அழித்தது. கழிவு ஒழியவில்லை, அதனைச் சுமப்போரே மாறினர். காற்றிற் கலந்த கழிவு இவ்வாறாக, நிலத்திற் குவித்த கழிவும் உயிர் கொண்டது. 1966 ஒக்டோபர் 21 இல் வேல்ஸ் நாட்டின் அபர்வான் என்னும் சிற்றூரில் சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து பாடசாலையை மூடியபோது 116 சிறுவரும் 28 முதியோரும் மாண்டனர்.

தூய காற்றுச் சட்டம் பிறந்த அதே 1956 இல் கால்டர் ஹோல் அணுமின் நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஒக்டோபரில் அதன் அயலிலுள்ள விண்ட்ஸ்கேலில், ஆயுதங்களுக்குப் புளுத்தோனியம் ஆக்கிய உலையொன்று தீப்பற்றியது. கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீன் காற்றிற் பரவ, ஏறத்தாழ 500 சதுர கிலோமீற்றர் பரப்பிலிருந்த பண்ணைகளின் பால் கொட்டப்பட்டது. விஞ்ஞானி ஜோன் கொக்குரொவ்ற் வற்புறுத்திப் புகைபோக்கிகளின் உச்சியில் வடிகளை அமைப்பித்திருந்தார். வீண்செலவென்று எள்ளப்பட்ட அவ்வடிகளே கேட்டினைப் பெரிதும் குறைத்தன. 1986 இல் உக்கிரேனின் செர்னோபில் உலை வெடித்தபோது, தொலைவிலுள்ள வேல்ஸ் மலைகளிலும் சீசியம் மழையோடு வீழ்ந்தது. அங்குள்ள செம்மறியாட்டுப் பண்ணைகள்மீது விதித்த கட்டுப்பாடு 2012 இலேயே முற்றாக நீங்கிற்று.

இவற்றினின்று நாம் அறியக் கிடப்பது யாது? நிலக்கரி விபத்து நேராத நாளிலும் தீங்கு செய்கின்றது; ஒழுங்காக எரிதலே அதன் கேடு. அணுவுலை ஒழுங்காக இயங்கும்வரை சூழலுக்குச் சிறிதே தீங்கு செய்யும். பிழைக்குமாயின் பரந்த நிலத்தைப் பல்லாண்டு கெடுக்கும். அன்றியும், அதன் கழிவு அளவிற் சிறிதாயினும் ஆயுளில் நெடியது. புளுத்தோனியம்-239 இன் அரைவாழ்வுக் காலம் 24,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கால்டர் ஹோல் 2003 இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் உயர்செறிவுக் கழிவை ஆழ்நிலத்திற் புதைத்து வைக்கும் இடம் பிரித்தானியாவில் இன்னும் அமையவில்லை. மின்சாரத்தை நுகர்ந்தோர் ஒரு தலைமுறையினர். காவல் புரிய வேண்டியோர் இனிப் பிறக்கும் தலைமுறையினர்.

1882 இல் இலண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்னாக்கத்தை, 2024 செப்டெம்பர் 30 இல் ரட்கிளிஃப் நிலையத்தை மூடிப் பிரித்தானியா முடிவுக்குக் கொணர்ந்தது. அதன் இடத்தைப் பெரிதும் நிரப்பியவை இயற்கை வாயுவும் காற்றாலைகளுமே. ஜேர்மனியோ 2023 ஏப்பிரலில் எஞ்சிய அணுவுலைகளை மூடிவிட்டு, நிலக்கரி நிலையங்களைத் தொடர்ந்து இயக்கியது. ஒரே ஐரோப்பாவில் இரு நாடுகள் இரு கேடுகளை வெவ்வேறாக நிறுத்தன.

இவ்வினா நமக்கும் அயலானதன்று. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலையம் கப்பலில் வரும் நிலக்கரியை எரிக்கின்றது. மன்னார்க் குடாவின் மறுகரையில் கூடங்குளத்து அணுவுலைகள் இயங்குகின்றன. ஒன்றன் சாம்பல் நம் மண்ணிலே விழுகின்றது. மற்றையதன் பாதுகாப்பு நம் கையிலில்லை.

எமது துணிபு இதுவே: நாள்தோறும் காற்றை நஞ்சாக்கிப் புவியின் வெப்பத்தை உயர்த்தும் நிலக்கரி முதலில் ஒழிதல் வேண்டும். அணுச்சத்தியோ, தன் கழிவைக் காக்கும் இடத்தையும் பொருளையும் முன்னரே தேடி வைத்துள்ள நாட்டுக்கே தகுவது. எரிபொருளின் விலையைக் கேட்பவர் கழிவின் விலையையும் உடன் கேட்டல் வேண்டும்; விஞ்ஞானம் பயிலும் மாணவர் அக்கேள்வியை இன்றே எழுப்பப் பழகுவாராக.