தூக்கு மேடை ஏறிய வாலிபர்

திருவிதாங்கூர்ச் சீமையில் வக்கம் என்று ஓர் ஊர். அங்கே 1917-ல் பிறந்தவர் அப்துல் காதர். பிழைப்புத் தேடி 1938-ல் மலாயாவுக்குப் போனார்.

உலகப்போர் மூண்டது. மலாயா ஜப்பானியர் வசமாயிற்று. இந்தியாவை விடுவிக்க அங்கிருந்த இந்தியர்கள் படை திரட்டினார்கள். அதுதான் இந்திய தேசிய ராணுவம். காதரும் சேர்ந்தார். பினாங்கில் ரகசியப் பயிற்சி பெற்றார்.

1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அவரையும் தோழர்களையும் மலபார்க் கரையில், தானூர் அருகே இறக்கிவிட்டது. கரையேறியதும் பிடிபட்டார்கள்!

சென்னையில் விசாரணை. தீர்ப்பு: மரண தண்டனை.

கடைசி இரவில் தந்தைக்குக் கடிதம் எழுதினார் காதர். 1943 செப்டம்பர் 10-ந் தேதி சென்னைச் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். காதருடன் மாண்டவர்களில் பவுஜா சிங் சீக்கியர். சத்தியேந்திர பர்தன் வங்காளி.

காதருக்கு வயது 26. பிழைக்கக் கடல் கடந்தவர், நாட்டுக்கு உயிர் கொடுக்கத் திரும்பி வந்தார். நாலு வருஷத்துக்குள் சுதந்திரம் வந்தது.