பாலடையாளமும் மூளையும்: ஆம்ஸ்டர்டாம் ஆய்வுகளை முன்வைத்து

திருநங்கையர் குறித்த எழுத்துகளில் 'ஆண் உடலில் பெண் மூளை' எனும் தொடர் அறிவியல் முடிவுபோல எடுத்தாளப்படுவதுண்டு. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவனவற்றுள் முதன்மையானது, ஆம்ஸ்டர்டாமிலுள்ள நெதர்லாந்து மூளை ஆய்வு நிறுவனத்தின் டிக் ஸ்வாப் குழுவினர் 1995ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு. அவ்வாய்வு எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வுக்குரிய பகுதி, ஸ்ட்ரியா டெர்மினாலிஸ் எனும் நரம்பிழைக் கற்றையைச் சார்ந்த நரம்பணுத் தொகுதியின் நடுக்கூறு. ஆண்களிடத்து அதன் சராசரி அளவு ஏறத்தாழ 2.5 கன மில்லிமீட்டர், பெண்களிடத்து 1.7. இறந்த திருநங்கையர் அறுவரின் மூளைகளில் அது பெண்களின் அளவையே ஒத்திருந்தது. 2000ஆம் ஆண்டு நரம்பணுக்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டபோதும் அதே போக்குத் தென்பட்டது. அறுவரும் ஈஸ்ட்ரோஜன் உட்கொண்டவர்கள் ஆதலின், வேறுபாடு மருந்தால் விளைந்ததோ எனும் ஐயம் இயல்பானது. இரண்டாம் ஆய்வில், ஹார்மோன் சிகிச்சையே பெறாத ஒருவரின் மூளையும் பெண்களுக்குரிய எல்லைக்குள் அமைந்தமை அவ்வையத்தைக் குறைத்தது. எனினும் ஒரே ஒருவரைக் கொண்டு அதனை முற்றிலும் நீக்கிவிட இயலாது.

கருவில் பிறப்புறுப்புகள் முதல் மாதங்களிலும் மூளை பிற்பகுதியிலும் பால்வழி வேறுபடுவதால், இரண்டும் வெவ்வேறு திசையில் செல்லக்கூடும் என்பது ஸ்வாபின் விளக்கம். கினி எலிகளைக் கொண்டு 1959இல் முன்வைக்கப்பட்ட ஹார்மோன் கொள்கையின் நீட்சி இது. ஆனால், மேற்சொன்ன பகுதியின் அளவு வேறுபாடு முதிர்ந்த பருவத்தில்தான் தெளிவாகப் புலப்படுகிறது என அந்நிறுவனத்து ஆய்வே 2002இல் காட்டியது. பலரோ தம் பாலடையாளத்தை இளமையிலேயே உணர்கின்றனர். எனவே அளவு வேறுபாட்டை அவ்வுணர்வின் காரணமாகக் கொள்வது எளிதன்று; விளைவாகவும் அது இருக்கலாம்.

'பெண் மூளை' எனும் சொல்லாட்சியும் ஐயத்திற்குரியதே. டாஃப்னா ஜோயல் குழுவினர் 2015இல் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படிமங்களை ஆராய்ந்து, பெரும்பாலோரின் மூளை ஆண்களிடத்து மிகுந்து காணப்படும் கூறுகளும் பெண்களிடத்து மிகுந்து காணப்படும் கூறுகளும் விரவியது என்றனர். பால், பாலினம் என்பவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆளும் மொழிபெயர்ப்புகள் குழப்பத்தை மேலும் மிகுவிக்கின்றன.

உயிரியல் சான்று இருந்தால்தான் அடையாளம் மெய் என்று வாதிடுவோர், சான்று தளரும்போது அடையாளத்தையும் இழக்க நேரும். இந்திய உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உடற்கூற்றுச் சோதனையினும் ஒருவர் தாமே உணரும் அடையாளத்திற்கு முதன்மை தந்தது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வுமுறையோ இறந்தோரின் மூளையை மட்டுமே அளக்கவல்லது.